இல்லாத கூட்டத்துக்குப் பயந்தவர்

சிக்... சிக்... சிக்.

போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு புதுத் துணிக்கடைத் திறப்புவிழா. வாசலில் நின்ற பெண்ணின் உள்ளங்கைக்குள் ஒரு குட்டி இரும்பு மெஷின். ஆள் உள்ளே நுழைய நுழையக் கட்டைவிரலால் அமுக்குகிறாள். ஒரு அமுக்கலுக்கு ஒரு சத்தம், ஒரு தலை. என் முறை வந்தது. சிக். அவ்வளவுதான். வாசற்படியிலேயே நின்று, வெளியே போக எத்தனை வழி இருக்கிறது என்று கழுத்தைத் திருப்பித் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, போறீங்களா, நிக்கறீங்களா?" என்றார் பின்னால் நின்றவர்.

இரண்டும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். எடுக்க நினைத்த புடவையை இன்னும் எடுக்கவில்லை. இந்த வியாதி எனக்குக் கேட்டுக்காரரிடமிருந்து தொற்றியது.

கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் கோயமுத்தூரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இல்லாத கூட்டத்தைக் கண்டு பயந்தவர் அவர் ஒருவர்தான். இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பது. கவிதை எழுதிய கையால் 'சமர்ப்பி' என்று எழுதிக்கொண்டிருந்த காலம். எனக்கு இரண்டு மேசை தள்ளி அவர். புதிதாகச் செய்த வெப்சைட் எத்தனை பேரைத் தாங்கும் என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. அதற்காக நிஜ மனிதர்களைக் கூப்பிட முடியாது அல்லவா? ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. அது கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே பொய் ஆட்களைக் கிளப்பிவிடும். அந்தப் பொய் ஆட்கள் நிஜ ஆட்கள் மாதிரியே வெப்சைட்டின் கதவைத் தட்டுவார்கள், படிவம் நிரப்புவார்கள், அவசரப்படுவார்கள். எத்தனையாவது ஆள் வரும்போது சைட் மூச்சுமுட்டி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆபீஸே அவர்களைப் பொய் ஆட்கள் என்றது. அவர் மட்டும் "நம்ம சனம்" என்பார்.

ஐம்பத்தைந்து வயது, சட்டைப் பையில் துணிக்கடைப் பெண்ணிடம் பார்த்த அதே மாதிரி, ஆளை எண்ணும் இரும்பு மெஷின். எந்த வேலை வந்தாலும் முதல் கேள்வி, "எத்தன கேட்டுங்க?" வெப்சைட்டுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழைய வழி என்பதுதான் கேள்வி. ஆனால் அதே கேள்வியைக் கல்யாண மண்டபத்திலும் கேட்பார், பேக்கரியிலும் கேட்பார். அதனால் கேட்டுக்காரர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நாற்காலியை மாடிப்படிக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார், முகம் கதவைப் பார்க்க. எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதிய லிப்டில் ஐந்தாவது ஆள் ஏறினால் இவர் இறங்கிவிடுவார். மீட்டிங்கில் ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று பதில் சொல்வார். உள்ளே நாங்கள் கேட்பது அவருக்குக் கேட்காது, வெளியே அவர் சொல்வது எங்களுக்குக் கேட்காது. ஆனாலும் மற்ற மீட்டிங்குகளைவிட அவை சீக்கிரம் முடிந்தன.

பொய் ஆட்களை மொத்தமாக அவிழ்த்துவிடமாட்டார். பத்துப் பத்தாக அனுப்புவார். திரையைப் பார்த்தபடி, "முட்டாதீங்க, முட்டாதீங்க, எல்லாருக்கும் கெடைக்கும்" என்று முணுமுணுப்பார். ஒருநாள் சோதனை நடுவில் இணைப்பு அறுந்து முந்நூறு பொய் ஆட்கள் பாதியில் போய்விட்டார்கள். மனிதர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"சாப்பிடலீங்களாண்ணா?" என்றேன்.

"முந்நூறு பேருங்க அம்மணி. அந்தரத்துல நின்னுட்டாங்க."

"அதெல்லாம் ஆளே இல்லீங்கண்ணா."

"இன்னைக்கு இல்லீங்க. நாளைக்கு வருவாங்கல்ல?"

நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

எங்கள் இன்ஜினியர் பிரபு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இருந்தாலும் குறும்பு போகவில்லை. ஏப்ரல் முதல் தேதி, கேட்டுக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் திரையில் எண்ணை மாற்றி வைத்துவிட்டான். திரும்பி வந்தவர் பார்த்தார்: வெளியே காத்திருப்போர் ஒரு லட்சம். அப்படியே வெளுத்துப்போனார். அடுத்த நிமிடம் மாடியின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். "யாரும் ஓட வேண்டாமுங்க. சொவத்த ஒட்டி வாங்க. செருப்பு கழண்டா உட்ருங்க, குனியாதீங்க" என்று எங்கள் முப்பத்திரண்டு பேரையும் வரிசையாக மாடிப்படியில் இறக்கி, கீழே வேப்ப மரத்தடியில் நிறுத்தி, சிக் சிக் என்று எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு விட்டார். எம்.டி.யும் அந்த வரிசையில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி அவர் கேட்டார்:

"கேட்டுக்காரரே, என்னத்துக்குங்க எறங்கி வந்தோம்?"

"ஒரு லட்சம் பேருங்க."

"எங்கீங்க?"

அவர் எங்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஆனால் 'செருப்பு கழண்டா குனியாதீங்க' என்பது யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. எங்கோ பார்த்த வார்த்தை.

எங்கே என்று தையல் மெஷின் வேலை வந்தபோது தெரிந்தது.

ஒரு மில்காரக் குடும்பம். வருஷா வருஷம் பெண்களுக்குத் தையல் மெஷின் இலவசமாகக் கொடுப்பார்கள். மில் கேட்டில் டோக்கன். முந்தைய வருஷம் அந்த கேட்டில் ஒரு பாதிக் கதவை மட்டும் திறந்திருக்கிறார்கள். விடியும்போதே ஆயிரக்கணக்கில் பெண்கள். பின்னாலிருந்தவர்கள் தள்ள, முன்னாலிருந்தவர்கள் விழுந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, தெய்வாதீனம். ஆனால் பலருக்கு அடி. கூட்டம் கலைந்த பிறகு கேட்டுக்கு முன்னால் ஒற்றை ஒற்றையாகச் செருப்புகள் மட்டும் கிடந்தனவாம், ஏதோ காற்றடித்து ஆட்களை மட்டும் தூக்கிப்போன மாதிரி. அதனால் இந்த வருஷம் கேட்டே வேண்டாம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெப்சைட்டில் டோக்கன் என்று முடிவு செய்து எங்களிடம் வந்தார்கள்.

"அன்னைக்கு உழுந்ததுல என்ற தங்கச்சியும் ஒருத்திங்க அம்மணி" என்றார் கேட்டுக்காரர். "சரசு. எடது கை இன்னும் தோளுக்கு மேல தூக்க வராது. கூட்டியார நாந்தான் போயிருந்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. பாத்துட்டே நின்னேனுங்க."

"இந்த வருஷம் போன்லயே வாங்கிக்கலாமுங்களே."

"சைட்டு நின்னா வாங்கிக்குவா. பத்து மணிக்குச் சைட்டு உழுந்துச்சுன்னு வெச்சுக்குங்க, பத்தே காலுக்கு பஸ் ஏறிருவா. அவ மட்டுமா? அத்தன பேரும் கேட்டுக்குத்தான் ஓடுவாங்க. அந்தக் கேட்டு இன்னும் அதே கேட்டுதானுங்க."

அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. ஒரு வெப்சைட் விழுந்தால் ஒரு பக்கம் வெள்ளையாகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் எலும்பு இருக்கிறது என்று தெரிந்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரபு கடைசிச் சோதனையை ஓட்டினான். ஐயாயிரம் பொய் ஆட்கள். ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. ஒரு பிழை இல்லை. எம்.டி. பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் தேங்காய் பன் வரவழைத்தார். பன்னைக் கடித்தபடி எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, கேட்டுக்காரர் மட்டும் திரையில் ஓடிய ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதைக் காட்டும் கோடு. ஏறி, ஒரு இடத்தில் பலகை மாதிரி சமமாக நின்றிருந்தது.

"இவ்வளவு மருவாதியாக் கூட்டம் நின்னு எங்கீங்க பாத்திருக்கீங்க?" என்றார். "கூட்டம்னா அலையோணும். இது பள்ளிக்கூடத்துப் புள்ளைக பிரேயருக்கு நிக்கறாப்புல நிக்குது."

பிரபு பன்னோடு வந்து குனிந்து பார்த்தான். அவன் மென்றது பாதியில் நின்றது.

பொய் ஆட்களைக் கிளப்பும் சாப்ட்வேரை நாங்கள் வாங்கிய உரிமத்தில் ஒரு வரம்பு இருந்தது. ஒரே நேரத்தில் ஐந்நூறு பொய் ஆட்களுக்கு மேல் இணைக்க முடியாது. ஐயாயிரம் கேட்டால் அது முடியாது என்று சொல்லாது. ஐந்நூறு பேரை அனுப்பிவிட்டு மிச்சத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்கும். ஒரு ஆள் திரும்பி வந்தால் ஒரு ஆளை அனுப்பும். கடைசியில் வந்து போனவர்களை எல்லாம் கூட்டி ஐயாயிரம் என்று சமர்த்தாக எழுதிவிடும். முட்டி மோத வேண்டிய கூட்டம் முறை வைத்துப் போய் வந்திருக்கிறது. நாங்கள் பன் தின்றிருக்கிறோம்.

"வரம்ப ஒசத்திக்கலாமுங்களே" என்றார் எம்.டி.

விற்ற கம்பெனிக்கு மெயில் போட்டோம். செவ்வாய்க்கிழமை பதில் சொல்வதாக ஒரு தானியங்கிக் கடிதம் வந்தது. சனிக்கிழமை பிரபு இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு சாப்ட்வேரைக் கொண்டுவந்தான். அதற்கு வரம்பு இல்லை. ஆனால் மில்காரர்களின் சர்வருக்கு ஒரு காவல் ஏற்பாடு இருந்தது. ஒரே முகவரியிலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் கூட்டமாக வந்தால் திருடர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். எங்கள் பொய் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரே முகவரி, எங்கள் ஆபீஸ். காவலை எடுத்துவிடச் சொல்லலாம் என்றால் அதை மில் ஆபீஸில் உட்கார்ந்துதான் மாற்ற முடியும், அதைச் செய்யத் தெரிந்தவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார்.

"ஒரே ஊட்டுல இருந்து ஐயாயிரம் பேரு வந்தா எந்தக் காவக்காரன் உடுவான்? அவம்மேல தப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு கேட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திங்கள் காலை பத்து மணி ஒரு ரயில் மாதிரி வந்துகொண்டிருந்தது, நாங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மெயில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜன்னலிலிருந்து அவர் திரும்பினார்.

"அந்த லீவுல போனவரு... கல்யாணம் எங்கீங்க?"

"காரமடை" என்றான் பிரபு.

"என்னைக்கு?"

"நாளைக்கு. நல்ல முகூர்த்தமுங்களே."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொங்கு நாட்டில் மண்டபம் காலியில்லை. ஆபீஸில் ஆளுக்கு மூன்று பத்திரிகை மேசையில் கிடந்தது. ஒரு கல்யாணம் என்றால் ஆயிரம் ஒறம்பரை, சொந்தபந்தம். ஆயிரம் பேர் கையிலும் ஆயிரம் போன். ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சைட்டைத் தட்டினாலும் காவல்காரன் சந்தேகப்பட வழியே இல்லை.

"ஒரே மண்டபம்னா டவர் தாங்காதுங்க. மூணா பிரிச்சுக்குவோம்" என்றார் கேட்டுக்காரர். போத்தனூருக்கு நான், பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பிரபு. மற்றவர்களுக்கு அவரவர் சொந்தத்தில் கல்யாணம், காரமடைக்கு ஆள் இல்லை. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அந்த மனிதர் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கே மண்டபத்துக்கு எதிரில் சைக்கிள் கடையில் நின்று அட்சதை போட்டவர்.

"நாம் போறேனுங்க" என்றார், யாரோ அவர் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்த குரலில்.

ஞாயிறு காலை மூன்று பேரும் போனில் ஒரே அழைப்பில் இருந்தோம். போத்தனூர் மண்டபத்தில் தாலி கட்டி முடித்த கையோடு நான் மைக்கைக் கேட்டேன். பெண்ணின் பெரியப்பா ஜவ்வாது வாசனையோடு முன்னால் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கல்யாணத்துல தையல் மெஷினுக்கு என்னங்க சோலி?"

சொன்னேன். அந்த கேட், அந்தச் செருப்புகள், சரசுவின் கை. கேட்டுக்கொண்டே வந்தவர் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "சனங்களே! இந்த அம்மணி சொன்னதக் கேட்டுப்போட்டுத்தான் சோறு!" என்று அதட்டினார். என் வாழ்நாளில் என் பேச்சுக்கு அவ்வளவு கவனம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. பொத்தான் போன் வைத்திருந்த ஒரு பாட்டையா மட்டும், "எனக்கு இதுல கால்குலேட்டர்தானுங்க இருக்குது, அமுத்தட்டுமா?" என்று கேட்டார். அமுத்தச் சொன்னேன்.

அந்தப் பக்கம் காரமடையிலிருந்து போனில் முதலில் மூச்சு மட்டும்தான் வந்தது. அப்புறம் பந்திக் கதவை இடிக்கும் சத்தம். கூட்டம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று பந்திக் கதவைப் பத்தரை வரைக்கும் சாத்தி வைக்கச் சொன்னவரே அவர்தானாம். பசித்த கூட்டம் அவர் முதுகில் நெருக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, வெளிய வந்துருங்க. முடியலீன்னா உட்ருங்க" என்றேன்.

"எத்தன கேட்டுன்னு பாக்க மறந்துட்டேனுங்க அம்மணி" என்றார். குரல் கிழிந்து வந்தது. பிறகு மைக்கில் அதே குரல், நடுங்கி நடுங்கி, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "யாரும் நகராதீங்க கண்ணுகளா. நின்ன எடத்துலயே நில்லுங்க. எல்லாருக்கும் சோறு இருக்குது. போன எடுங்க... அமுத்துங்க!"

மூன்று மண்டபத்திலும் ஒரே நேரத்தில் டோக்கன் பொத்தானை அமுக்கினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்னைச் சுற்றிலும் "வெள்ளையா வருதுங்க", "எனக்கு சுத்திட்டே இருக்குது", "போச்சு, நின்னுபோச்சு" என்று குரல்கள்.

சைட் விழுந்துவிட்டது.

"உழுந்துருச்சுங்க அம்மணி!" போனில் அவர் கத்தினார். "உழுந்துருச்சு! யாருக்கும் அடியில்லீங்க! ஒருத்தருக்கும் அடியில்ல!" ஒரு சைட் விழுந்ததற்கு அழுதுகொண்டே சந்தோஷப்பட்ட மனிதரை நான் அன்றுதான் கேட்டேன்.

காரணம் அற்பமானது. தகவலைச் சேமிக்கும் இடத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் இணைப்புதான் என்று யாரோ எப்போதோ விட்டுவைத்த ஒரு எண். பிரபு தன் மண்டபத்து மணமகன் அறையில் லேப்டாப்பைத் திறந்து, வாழையிலைக் கட்டுக்கு மேல் வைத்துச் சரிசெய்தான். நாலு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்து இன்னொரு தடவை அமுத்தச் சொல்லியிருந்தோம். யார் செய்யப்போகிறார்கள் என்று நினைத்தேன். அத்தனை பேரும் செய்தார்கள். சைட் நின்றது. போத்தனூர்ப் பெரியப்பா அடுத்த ஒரு வாரம் வரைக்கும் தினமும் நாலு மணிக்கு அமுத்திவிட்டு எனக்குப் போன் செய்து கொண்டிருந்தார்.

ஆனாலும் கேட்டுக்காரருக்குப் பயம் போகவில்லை. திங்கள் காலை ஒன்பதரைக்கு மில் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நானும் கூடப் போனேன். எனக்கும் ஆபீஸில் உட்கார முடியவில்லை.

அதே கேட். ஒரு கதவு சாத்தி, ஒரு கதவு திறந்து. வாட்ச்மேன், "டோக்கனெல்லாம் போன்லீங்களாமா, இங்க ஒண்ணுமில்லீங்" என்றார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வளைவில் பத்திருபது பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கேட்டுக்காரர் என் கையைப் பிடித்துவிட்டார். அவர்கள் எங்களைக் கடந்து டீக்கடைக்குப் போனார்கள். ஷிப்ட் முடிந்த மில் பெண்கள். பத்து மணி. ரோட்டில் தூசி. பத்து மூன்று. ஒரு பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை. பத்து ஐந்துக்கு அவர் போன் அடித்தது. அவர் அதை என் கையில் திணித்தார், நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, வந்துருச்சண்ணா. டோக்கன் வந்துருச்சு."

"நீ எங்கிருக்கற சரசு?"

"ஊட்டுலதான்."

"வெளிய வல்லியே?"

"நான் எதுக்கு வெளிய போறேன்? அடுப்புல பால் பொங்குது, வெய்யி" என்று வைத்துவிட்டாள்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக நடந்துபோய் அந்த இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதுவரை அவர் எதிலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. காரமடைக்கு அக்கட்டால, அதைத் தாண்டி இருக்கும் தங்கச்சி ஊரிலேயே தங்கிவிட்டதாகவும், அவள் தைப்பதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் பிரபு சொன்னான். அந்தத் திங்கட்கிழமை மில் கேட்டிலிருந்து நேராகச் சரசுவைப் பார்க்க அங்கே போகும் பஸ்ஸில் அவர் ஏறியதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கிய பஸ். ஒரு கணம் தயங்கினார், கூட்டத்துக்குள் தோளை நுழைத்தார். நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் டவுன் பஸ்ஸுக்கு நிற்கப் போனேன். பஸ் நகர்ந்தபோது யார் யாருடைய கைகளுக்கோ நடுவிலிருந்து அவர் தலை மட்டும் வெளியே வந்தது.

"அம்மணீ! உங்க பஸ்ஸு கூட்டமா வந்தா ஏறிப்போடாதீங்க. அடுத்தது வரும். நின்னு வாங்க."